மூச்சு முட்டும் உயரத்தில் ஒரு படை

1816ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரில் ஒரு படைக்கான சரக்குகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. துப்பாக்கி, வெடிமருந்து, ஈட்டி, லாடம் என்று எந்தப் படைக்கும் வேண்டியவை எல்லாம் அவற்றில் இருந்தன. கூடவே வெங்காயமும் பூண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. சமையல் போக அவற்றுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மலையில் மூச்சுத் திணறினால் வீரர்கள் அவற்றை மெல்ல வேண்டும், முகர வேண்டும். சுமை விலங்குகள் தள்ளாடினால் அவற்றின் மூக்கில் தேய்த்துவிட வேண்டும். ஆண்டிஸ் மலையைத் தலைமுறை தலைமுறையாகக் கடந்துவந்த சுமைக்காரர்களின் கைமருந்து அது. அதைத் தன் படையின் சரக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டவர் ஹோசே தே சான் மார்த்தின்.

தென் அமெரிக்க விடுதலைப் போர்களின் இரு பெரும் தளபதிகளில் ஒருவர் இவர். மற்றவர் சிமோன் பொலிவார். சான் மார்த்தினின் பெயர் வரலாற்றில் நிலைத்ததற்கு முதல் காரணம் 1817 ஜனவரியில் அவர் ஆண்டிஸைக் கடந்தது. அதைப் போர்த்தந்திரமாகப் பார்ப்பதே வழக்கம். எனக்கு அது மனித உடல் பற்றிய மாபெரும் சோதனையாகத் தெரிகிறது. உயரத்தில் உடலுக்கு என்ன ஆகிறது என்பதை அறிவியல் விளக்கியது அவர் மலையேறி அறுபது ஆண்டுகள் கழித்து. ஆனால் அவர் செய்த ஏற்பாடுகளில் பல, அந்த அறிவியல் தெரிந்தவர் செய்ததைப் போலவே இருக்கின்றன.

அவர் 1778இல் யாபேயு என்ற சிற்றூரில், ஸ்பானிய அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போய், 11 வயதில் அந்நாட்டுப் படையில் சேர்ந்தார். பதினைந்து வயதில் பிரனீஸ் மலைத்தொடரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகப் போரிட்டிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானிய மன்னருக்காகப் போரிட்டவர், 1812இல் புவனோஸ் ஐரிஸில் வந்து இறங்கி, அதே மன்னரின் ஆட்சிக்கு எதிராக வாளெடுத்தார்.

ஸ்பெயினின் அதிகாரக் கோட்டை பெருவின் தலைநகரான லிமா. புவனோஸ் ஐரிஸிலிருந்து அங்கே போக அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வழி, இன்றைய பொலிவியாவின் உயர்ந்த பீடபூமி வழியாக வடக்கே ஏறுவது. அந்த வழியில் போன படைகள் 1811இலும் 1813இலும் 1815இலும் தோற்றுத் திரும்பின. மாதக்கணக்கில் 4,000 மீட்டர் உயரத்திலேயே தங்கிப் போரிட வேண்டிய வழி அது. எதிரியின் படையில் இருந்தவர்களில் பலர் அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சான் மார்த்தின் கணக்கை மாற்றிப் போட்டார். மலையை ஒரே ஒரு முறை, குறுக்கே, சில வாரங்களில் கடந்து சிலியில் இறங்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் லிமாவுக்குப் போக வேண்டும். இதற்காகவே மலையடிவாரத்தில் இருந்த மெண்டோசாவில் ஆளுநர் பதவியைக் கேட்டு வாங்கி, 1814இல் அங்கே போய் அமர்ந்தார். போன சில வாரங்களிலேயே சிலியில் விடுதலைப் படை ரங்காகுவா நகரில் நசுங்கியது. தப்பியவர்கள் பெர்னார்டோ ஓஹிக்கின்ஸ் தலைமையில் மலையைத் தாண்டி மெண்டோசாவுக்கு வந்தார்கள். கடக்கக்கூடிய மலைதான் என்பதற்கு அவர்களே சாட்சி.

எதிரியின் படைபலம் தன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, அந்தப் பிரமாண்டமான மலைகளைக் கடப்பதே கெடுக்கிறது என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. மெண்டோசா கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி நகரம். முக்கியப் படை போகவிருந்த லோஸ் பாத்தோஸ் வழியில் எஸ்பினாசித்தோ கணவாய் ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீரங்கிகள் போகவிருந்த உஸ்பயாட்டா வழியின் உச்சி சுமார் 3,800 மீட்டர். இரண்டுக்கும் நடுவே அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான அக்கோங்காகுவா சிகரம், 6,961 மீட்டர்.

4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் கலவை மாறுவதில்லை. அங்கேயும் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன்தான். மாறுவது காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேல் அடுக்கடுக்காக இருக்கும் காற்றின் எடையே அந்த அழுத்தம். மேலே போகப் போக நமக்கு மேலிருக்கும் காற்று குறைகிறது, எடை குறைகிறது, காற்று தளர்கிறது. அந்தக் கணவாயில் இழுக்கும் ஒரு மூச்சில், கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேலான ஆக்சிஜனே நுரையீரலுக்குள் போகிறது. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவதும் இந்த அழுத்தமே என்பதால், நெஞ்சு விரிய இழுத்தாலும் போதவில்லை என்றே உடல் உணர்கிறது.

கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிளை பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பவை இவையே. உடனே மூச்சை வேகப்படுத்தச் சொல்லி மூளைக்குச் செய்தி போகிறது. அங்கே ஒரு சிக்கல். வேகமாக மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளைக்கு அது ஆகாது. மூச்சைக் குறை என்று எதிர்க் கட்டளை போடுகிறது. இந்த இழுபறியில் இரவுத் தூக்கம் கெடுகிறது. மூச்சு சில நொடிகள் நின்று, திடுக்கென்று மறுபடி தொடங்குகிறது. மறுநாள் தலைவலி, குமட்டல், கால் எடுத்து வைக்கவே அலுப்பு. முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து ஆளையே கொன்றுவிடும்.

தீர்வு சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது. கூடுதல் காரத்தை அது மெல்ல மெல்ல வெளியேற்றிவிட்டால் மூளை சமாதானமாகி, வேகமான மூச்சை அனுமதிக்கிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மலையில் அவசரம் ஆகாது. ஏறி, தங்கி, சற்று இறங்கி, மறுபடி ஏறுபவருக்கு உடல் ஒத்துழைக்கிறது. லோஸ் பாத்தோஸ் வழி தூரம் அதிகமானது, சுற்றுவழி. எஸ்பினாசித்தோவைத் தாண்டியதும் ஒரு பெரிய பள்ளத்தாக்கில் இறங்கி, பிறகு எல்லைக் கணவாய்க்கு மறுபடி ஏறுகிறது. இன்று மலையேறுவோருக்குச் சொல்லப்படும் முதல் பாடமான ‘உயரே ஏறு, தாழத் தூங்கு’ அந்த நிலத்திலேயே எழுதியிருந்தது. பெரும் படை அந்த வழியில் போனதற்கு மேய்ச்சலும் தண்ணீரும் எதிரி அந்த வழியை எதிர்பார்க்காததுமே காரணங்கள். ஆனாலும் உடலுக்கு அது நன்மையாக முடிந்தது.

வெங்காயமும் பூண்டும் மலைநோயைத் தீர்க்கும் என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் உறுதியான ஆதாரம் கிடையாது. உண்மையில் வீரர்களைக் காப்பாற்றியது வேறு ஒரு முடிவு. காலாட்படையைக் கூட அவர் முடிந்தவரை நடக்கவிடவில்லை. 7,359 கோவேறு கழுதைகள் ஏறிப் போவதற்கும் மாற்றுக்கும், 1,922 சுமைக்கும் என்று மொத்தம் 9,281 கோவேறு கழுதைகளைத் திரட்டினார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தசைகளுக்கு வேலை குறைந்தால் மூச்சின் தேவையும் குறைகிறது. சண்டை என்பது மலைக்கு அந்தப் பக்கம். அதுவரை மனிதனின் பலத்தைச் செலவழிக்கக்கூடாது என்பதே அவர் ஏற்பாட்டின் உயிர்நாடி. 1,600 குதிரைகளையும் இதே எண்ணத்தோடு ஏறிப் போகாமல் கையில் பிடித்து நடத்திப் போனார்கள்.

கோவேறு கழுதை வியப்பான பிறவி. தந்தை கழுதை, தாய் குதிரை. கழுதைக்கு 62 குரோமோசோம்கள், குதிரைக்கு 64, பிள்ளைக்கு 63. இந்த ஒற்றைப்படை எண் ஜோடி சேராததால் அதற்கு வாரிசு பிறப்பது மிக மிக அரிது. அதனால் ஒவ்வொரு தலைமுறையையும் மனிதன் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரு இனங்களின் நல்ல குணங்களும் அதில் வந்து சேர்கின்றன. குதிரையின் உடல்வலு, கழுதையின் பொறுமை, ஒடுங்கிக் கெட்டியான குளம்பு, கிடைத்ததைத் தின்று தாக்குப்பிடிக்கும் வயிறு, அபாயத்தின் விளிம்பில் நின்று யோசிக்கும் புத்தி. ஆண்டிஸ் சுமைக்காரர்கள் மந்தைக்கு முன்னால் மணி கட்டிய பெட்டைக் குதிரை ஒன்றை நடத்துவார்கள். குதிரைத் தாய்க்குப் பிறந்த கோவேறு கழுதைகள் அந்த மணிச் சத்தத்தை விட்டு விலகுவதில்லை. இருட்டிலும் மூடுபனியிலும் மந்தை சிதறாமல் இருப்பது அந்த ஒரு மணியால்.

மலையில் சமைப்பதும் தனிப் பிரச்சினை. 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் அவரையோ பயறோ மணிக்கணக்கில் வேகாது. எரிக்க விறகும் இல்லை, அந்த உயரத்தில் மரமே கிடையாது. அங்கே படைக்குச் சோறு போட்டது சார்க்கிகான். மாட்டிறைச்சியை நம் ஊர் உப்புக்கண்டம் போலக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, கொழுப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்துவைத்தது அது. அதோடு வறுத்த மக்காச்சோள மாவு. எல்லாமே ஏற்கெனவே வெந்தவை, வறுத்தவை, காய்ந்தவை. சுடுநீர் ஊற்றிக் கலக்கினால் சில நிமிடங்களில் கூழ் தயார். காய்ந்த இறைச்சியில் நீர் இல்லாததால் எடை குறைவு; கொழுப்பு இருப்பதால் ஒரு பிடியில் கிடைக்கும் சக்தி அதிகம். எட்டு நாள் உணவை ஒவ்வொரு வீரனும் தன்னோடு வைத்துக்கொள்ள முடிந்தது. இதுபோகச் சில நூறு மாடுகளும் உயிரோடு படையின் பின்னால் நடந்தன.

மெண்டோசாவில் உணவுக்காக அறுத்த மாடுகளில் எதுவும் வீணாகவில்லை. கொம்புகளைக் குடைந்து, அடைப்பு வைத்து, தண்ணீர்க் குடுவைகள் ஆக்கினார்கள். தோலை ஒரே துண்டாக வெட்டிப் பாதத்தைச் சுற்றிக் கட்டும் காலணிகள் செய்தார்கள். அதன் உட்புறம் கம்பளிக் கந்தல்களைத் திணிக்கச் சொல்லி, ஊரில் கிடந்த கந்தல்களை எல்லாம் சேகரிக்க உத்தரவு போனது. குளிரில் உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காக்க விரல்களுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிவிடும். ஆக்சிஜனும் குறைவாக இருக்கும் இடத்தில் கால்விரல்கள் முதலில் பலியாகும். ஜனவரி என்றாலும் அது தெற்கு அரைக்கோளத்தின் கோடைக்காலம். கணவாய்களில் பனி விலகி வழி திறப்பது அந்தச் சில மாதங்கள்தான். அந்தக் கோடையிலும் பகலில் தோலைப் பொசுக்கும் வெயில், இரவில் உறைநிலைக்குக் கீழே குளிர். அந்தக் கந்தல்கள் எத்தனையோ பாதங்களைக் காப்பாற்றியிருக்கும்.

ஆயுதப் பட்டறையை நடத்தியவர் பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் பெல்த்ரான். தேவாலய மணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தார். நூற்றுக்கணக்கான ஆட்கள் இரவு பகலாக அங்கே வேலை செய்தார்கள். பீரங்கியை வார்ப்பது பாதி வேலைதான். அதை ஒற்றையடிப் பாதையில் மலையேற்றுவது மீதிப் பாதி. குழல்களைக் கம்பளியாலும் தோலாலும் சுற்றி, மூங்கில் பல்லக்கைப் போலக் கழிகளில் தொங்கவிட்டுக் கோவேறு கழுதைகளுக்கு இடையே சுமக்கச் செய்தார்கள். முடியாத இடங்களில் சறுக்குவண்டியில் ஏற்றி, கயிறும் கப்பியும் போட்டு இழுத்தார்கள். ஆறுகளைக் கடக்கக் கயிற்றுப் பாலம் ஒன்றையும் சுருட்டிக் கொண்டுபோனார்கள்.

வழியை அறிந்த விதம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. 1816 டிசம்பரில் அல்வாரெஸ் கொண்டார்க்கோ என்ற பொறியாளரைச் சான் மார்த்தின் தூதராகச் சிலிக்கு அனுப்பினார். கையில் ஓர் ஆவணம்: அந்த ஆண்டு ஜூலை 9இல் அர்ஜென்டினா விடுதலை அறிவித்ததன் பிரதி. அதை ஸ்பானிய ஆளுநர் மார்கோ தெல் போன்ட்டிடம் கொடுக்க வேண்டும். ஆளுநர் கொதிப்பார், தூதரை உடனே விரட்டுவார் என்பது தெரிந்ததே. அதனால் போகும்போது நீண்ட லோஸ் பாத்தோஸ் வழியாகப் போகச் சொன்னார். விரட்டப்பட்டவரை மிகக் குறுகிய உஸ்பயாட்டா வழியாகத்தான் திருப்பி அனுப்புவார்கள். காகிதத்தில் ஒரு கோடும் வரையாமல், இரு வழிகளையும் மனத்திலேயே பதித்துக்கொண்டு வர வேண்டும் என்பதே உண்மையான வேலை. ஆளுநர் அந்த ஆவணத்தைப் பொது இடத்தில் எரிக்கச் செய்து, தூதரை விரட்டினார். அல்வாரெஸ் கொண்டார்க்கோ மெண்டோசா திரும்பி, கண்ட பாதைகள் அனைத்தையும் நினைவிலிருந்து வரைபடமாக வரைந்து கொடுத்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு தெற்கே பெவென்ச்சே பழங்குடித் தலைவர்களைக் கூட்டி, பரிசுகள் கொடுத்து, அவர்கள் நிலத்தின் வழியாகப் படை போக அனுமதி கேட்டிருந்தார் சான் மார்த்தின். அந்தச் செய்தி சிலியை எட்டும் என்றே அவர் கணக்குப் போட்டிருந்தார், எட்டியது. தெற்கிலிருந்து தாக்குதல் வரும் என்று நம்பிய ஆளுநர் படையைச் சிதறவிட்டார். அந்தச் சந்தேகம் தெளியாமல் இருக்க, வடக்கிலும் தெற்கிலும் நான்கு சிறு படைப்பிரிவுகளும் வெவ்வேறு கணவாய்களில் ஏறின. ஆறு பிரிவுகளும் பரவிய அகலம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர்.

ஜனவரி 18ஆம் தேதி முதல் முக்கியப் படையின் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. போர்வீரர் சுமார் 4,000, சுமையையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆட்கள் சுமார் 1,200. காலாட்படையில் பெரும்பகுதி அடிமைகளாக இருந்த கறுப்பின ஆண்கள். படையில் சேர்ந்தால் விடுதலை என்ற வாக்கின் பேரில் வந்தவர்கள்.  இந்த வெற்றியில் அவர்கள் பங்கைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

சான் மார்த்தினே நோயாளி. வயிற்றுப் புண், இரத்த வாந்தி, மூட்டு வலி. வலி தணிய அபின் எடுத்துக்கொள்வார். ஓவியங்களில் அவர் வெண்குதிரையில் அமர்ந்து மலையைக் கடக்கிறார். உண்மையில் கடந்தது கோவேறு கழுதையின் முதுகில். படையில் பெரும்பாலோரை மலைநோய் பிடித்தது என்றும், அதனாலும் கடும் குளிராலும் வீரர்கள் சிலர் இறந்தார்கள் என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். விலங்குகள்தான் அதிக விலை கொடுத்தன. கிளம்பிய 9,281 கோவேறு கழுதைகளில் மறுபக்கம் சேர்ந்தவை சுமார் 4,300. குதிரைகளில் 511.

பிப்ரவரி 8ஆம் தேதி ஓர் அதிசயம் நடந்தது. மூன்று வாரங்களாக அக்கோங்காகுவாவின் இரு புறமும் தனித்தனியாக வந்த இரு பெரும் பிரிவுகளும் ஒரே நாளில் சிலியின் பள்ளத்தாக்கில், ஒன்று சான் ஃபெலிப்பேயிலும் மற்றொன்று சாந்தா ரோசாவிலும் வந்து இறங்கின. பிப்ரவரி 12இல் சக்காபுகோவில் போர். சிதறிய தன் படையை ஸ்பெயின் முழுவதுமாக ஒன்று சேர்க்க முடியவில்லை. அன்று பிற்பகலுக்குள் அது உடைந்தது. இரண்டு நாளில் விடுதலைப் படை சாந்தியாகோ நகருக்குள் நுழைந்தது. நாட்டை ஆளச் சொன்னபோது சான் மார்த்தின் மறுத்து, ஓஹிக்கின்ஸிடம் விட்டார். நகரம் அளித்த 10,000 பெசோக்களைப் பொது நூலகம் கட்டக் கொடுத்தார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1818இல் மைப்பு போரோடு சிலியின் விடுதலை உறுதியானது. 1820இல் கப்பலேறிப் பெருவில் இறங்கினார். 1821 ஜூலை 28இல் லிமாவில் விடுதலையை அறிவித்து, அங்கேயும் ஒரு தேசிய நூலகம் தொடங்கி, தன் புத்தகங்களை அதற்குக் கொடுத்தார். 1822இல் குவாயக்கில் நகரில் பொலிவாரைச் சந்தித்த பின் பதவியைத் துறந்து, மகளோடு ஐரோப்பா போனார். 1850இல் பிரான்சின் புலோன்யே கடற்கரை நகரில் இறந்தார்.

மலைநோயின் காரணம் அப்போதும் தெரியாது. 1590இலேயே ஹோசே தே அகோஸ்தா என்ற பாதிரியார், ஆண்டிஸில் தனக்கு வந்த குமட்டலையும் வாந்தியையும் விவரித்து, அங்கே காற்று மனித மூச்சுக்கு ஒவ்வாத அளவு மெலிந்திருப்பதாக ஊகித்திருந்தார். 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர், காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறைக்குள் தானே உட்கார்ந்து பார்த்தவர், ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதே காரணம் என்று நிறுவினார்.

சான் மார்த்தின் பெருவில் இறங்கியதும் தளபதி அரேனாலெஸ் தலைமையில் ஒரு பிரிவை மலைக்கு அனுப்பியிருந்தார். அது 1820 டிசம்பர் 6இல் செர்ரோ தே பாஸ்கோ என்ற சுரங்க ஊரில், 4,300 மீட்டர் உயரத்தில், வென்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1921-22இல், கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜோசப் பார்க்ராஃப்ட் ஆய்வுக் கருவிகளோடு அதே ஊருக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனையும் சிவப்பணுக்களையும் அளந்தார். அளவுகள் சரியாக இருந்தன, எடுத்த முடிவு சரியாக இல்லை: உயரத்தில் வாழ்வோர் அனைவரும் உடலாலும் மனத்தாலும் குறைவுபட்டவர்கள் என்று எழுதிவிட்டார். லிமாவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே அதை ஏற்கவில்லை. 1927இல் தன் மாணவர்களோடு அதே மலைக்குப் போய், சமவெளிக்காரர் மூச்சு வாங்கி நிற்கும் உயரத்தில் ஆண்டிஸ் மக்கள் கடின உழைப்பு உழைப்பதை அளவிட்டுக் காட்டினார். அவர் தொடங்கிய ஆண்டிஸ் உயிரியல் நிறுவனத்தில் உயரத்து உடலியல் ஒரு துறையாகவே வளர்ந்தது. சிலரின் உடல் மட்டும் உயரத்தில் அளவுக்கு மீறிச் சிவப்பணுக்களை உண்டாக்கி நோயாகிவிடுவதையும் அவரே முதலில் விவரித்தார். மருத்துவ நூல்களில் அந்த நோய் இன்றும் மோங்கேயின் பெயரில் இருக்கிறது.